கதவுக்குப் பின்னால் இருந்த பை

சம்பந்தி மாணிக்கம் இரண்டாவது தடவை சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது.

தீபத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அது. அடி அண்ணாமலையில் நம் வீட்டுக்கு அடுத்த வீடான ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நாலு இலை போட்டிருந்தது. அண்ணனின் ஒரே மகள் கவிதாவைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்து வருகிற முதல் கார்த்திகை. மாப்பிள்ளையும் அவர் அப்பா மாணிக்கமும் தீபம் பார்க்க வந்திருந்தார்கள். கிரிவலப் பாதையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்த நான், தோளில் ஒயர்ச் சுருளோடு வந்து நாலாவது இலையில் உட்கார்ந்திருந்தேன்.

"கோழி இல்லாத விருந்து வெச்சிட்டீங்களே சம்பந்தி" என்று மாணிக்கம் கிண்டல் செய்தார்.

"கொடி ஏறினப்புறம் கோழி அடிச்சா, அண்ணாமலையாரு மலையிலேருந்து எறங்கி வந்து பங்கு கேப்பாரு" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பைக்கிலிருந்து இறங்கி வந்தவர் ஏட்டு குமரேசன். நம் ஸ்டேஷனில் பல வருஷமாக இருந்தவர். கூட வந்த போலீஸ்காரர் பந்தோபஸ்துக்காக வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர். அவர் பைக்கை விட்டு இறங்கவில்லை.

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"என்னாண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா? காலையிலேருந்து பாத்துனு இருக்கோம், ஆளக் காணோமே."

அந்தக் குரலில் அதட்டல் கொஞ்சமும் இல்லை. நிஜமான அக்கறை இருந்தது. இன்றைக்கும் என்னால் மறக்க முடியாதது அதுதான்.

ரசம் ஊற்ற வந்த வள்ளி அண்ணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

உக்கார வைப்பது

பிள்ளைகளா, போன வாரம் மழையில் நனைந்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தீர்கள். இந்த வாரம் சிரிக்க அவ்வளவாக ஒன்றும் இருக்காது. உங்கள் ஏகாம்பரம் பெரியப்பா ஏன் தீபத்தன்று வீட்டில் இருக்கமாட்டார் என்று சின்ன வயதில் கேட்பீர்கள். "டூட்டி" என்று சொல்லி வைத்திருந்தோம். அந்த டூட்டி என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கிணற்று மோட்டார் மெக்கானிக். கவிதா கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு கொல்லையில் மோட்டாரின் காப்பர் காயிலை யாரோ திருடிவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் அந்த மோட்டாரைப் பிரித்து மாட்டியவர் அண்ணன். போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. கேஸ் மூன்று வருஷம் நடந்தது. கடைசியில் கோர்ட்டு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது.

கோர்ட்டு விட்டது, ஸ்டேஷன் விடவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் வரிசையில் அவர் பெயரும் போட்டோவும் ஏறியிருந்தன. அதற்கு ஹிஸ்டரி ஷீட் என்று பெயர்.

அடுத்த தீபத்துக்கு முந்தின நாள், விடிந்தும் விடியாததுமாக ஜீப் வந்தது. லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிற திருவிழா, பிக்பாக்கெட்டு திருட்டு நடந்துவிடக் கூடாது என்று, அந்த மாதிரிப் பெயர் உள்ளவர்களை முன்கூட்டியே கொண்டுபோய் ஸ்டேஷனில் உக்கார வைத்துவிடுவார்கள். அண்ணனைப் பனியனோடு ஏற்றினார்கள். நாலு வயசுக் கவிதா அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒருத்தர் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் அண்ணன் ஒரு முடிவு பண்ணினார். அவர்கள் வந்து கூட்டிப் போவதற்கு முன்னால் தானே போய்விடுவது. ஒரு துணிப்பையில் லுங்கி, துண்டு, சோப்பு, போர்வை. அண்ணி முந்தின வாரமே எடுத்துவைத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவாள். தீபத்துக்கு முந்தின நாள் காலையில் அண்ணன் மகளுக்கு முத்தம் கொடுத்து, "அப்பா டூட்டிக்குப் போய்னு வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தே ஸ்டேஷனுக்குப் போவார். தீபம் முடிந்த மறுநாள் வருவார்.

அவர்களும் பழகிவிட்டார்கள். "ஏகாம்பரம் வந்துட்டாரா? அப்ப நாளைக்குத் தீபம்தான்" என்று காலண்டரைக் கிழிக்கிற மாதிரிச் சொல்வார்கள். ஒரு வருஷம் ஸ்டேஷன் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. உக்கார வைத்த ஆளே எழுந்துபோய் அதைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்த மனிதர். மகளுக்கு விவரம் தெரிந்ததிலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும், ஒரு தீபத்தையும் அவளோடு சேர்ந்து பார்த்தது கிடையாது.

ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கேட்டது

நான் பத்தாவது தாண்டாதவன். எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து காதில் விழுந்தது. கட்சிக் கூட்டம், பட்டிமன்றம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மைக் கட்டுகிறவன், வேங்கிக்காலில் நடந்த ஒரு சட்ட விழிப்புணர்வு முகாமுக்கும் கட்டினேன். பெரிய வேலை என்றால் அண்ணன் எனக்குக் கை கொடுக்க வருவார். அன்றைக்கும் வந்திருந்தார்.

அன்று ஒரு பெண் வக்கீல் பேசினார். போலீஸ் எப்படி வந்தது என்று முதலில் சொன்னார். நம் வாயில் புழங்குகிற பந்தோபஸ்து, ஜாமீன், கைதி எல்லாம் நவாபுகள் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சொற்களாம். கம்பெனி ஆட்சியில் வரி வாங்குகிறவரிடமே போலீஸ் அதிகாரமும் இருந்ததாம். வரி பாக்கி வைத்த குடியானவனை முதுகு வளையக் கட்டி வெயிலில் நிறுத்துவார்களாம். கடைசியில் அவர்களே ஒரு விசாரணை வைத்து, இது நிஜமென்று ஒத்துக்கொண்டு, வரியையும் போலீசையும் பிரித்தார்களாம்.

பிறகு இன்னொன்று சொன்னார். சில சாதிகளைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டு, அந்த ஆண்களை இரவானால் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னானாம். சுதந்திரம் வந்த பிறகு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் என் காதில் சொன்னார்: "அவங்களுக்குச் சட்டம்னு ஒண்ணு போட்டான், அப்புறம் எடுத்தான். எனக்குப் போடவே இல்லையே தம்பி, எதை எடுக்கறது?"

அந்த வக்கீல் அம்மா போலீசுக்கு உள்ள எல்லையையும் சொன்னார். பிடித்தால் எதற்கென்று சொல்ல வேண்டும். வீட்டு ஆள் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். குற்றம் நடக்கப் போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே பிடிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் இந்த ஆள் இந்தக் குற்றத்தைச் செய்யத் திட்டம் போட்டிருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'எப்போதோ பெயர் அடிபட்ட ஆள்' என்பது போதாது.

"சும்மா உக்காருங்கன்னு சொன்னா அது அரெஸ்ட்டா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"எழுந்து, நான் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிப் பாருங்க. விட்டாங்கன்னா விசாரணை. விடலன்னா, அவங்க எழுதினாலும் எழுதாட்டியும் அரெஸ்ட்."

கூட்டம் கை தட்டியது. அண்ணன் தட்டவில்லை.

போலீஸ்காரர்களை மொத்தமாகக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர்கள் கூடாரத்தில் உட்கார்ந்து, காணாமல் போனவர்களின் பெயரை மைக்கில் சொல்கிறவன் நான். கொட்டுகிற மழையில் மூன்று நாளாக ஷூவைக் கழற்றாமல் நின்று, கால் வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். வழி தவறிய ஒரு அம்மாவுக்குத் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஊட்டிய பெண் போலீசையும் பார்த்திருக்கிறேன். யாரை விடுவது, யாரை நிறுத்துவது, யாரிடம் கத்துவது என்பது ஒவ்வொரு நிமிஷமும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. நல்ல கை என்றால் நமக்கு நல்லது. எந்தக் கை வரும் என்பதுதான் தெரியாது.

நான் பாத்துக்கறேன்

கவிதா கல்யாணத்தின்போது சம்பந்தி வீட்டில் இதைச் சொல்லவில்லை. விடுதலையான கேஸைப் போய் யார் சொல்வார்கள்? தலைக் கார்த்திகைக்கு வருகிறோம் என்று மாணிக்கம் போன் பண்ணியதும் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

என்னையும் கூட்டிக்கொண்டு எஸ்.ஐ.யைப் பார்க்கப் போனார். இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். முழுக்கக் கேட்டார்.

"பொண்ணு கொடுத்த எடத்துலேருந்து வராங்க, அவ்ளோதானே? இந்த வருஷம் நீங்க வராதீங்க. வீட்ல இருங்க. நான் பாத்துக்கறேன்."

அண்ணன் கும்பிட்டார். வெளியே வந்ததும், "எழுதி வாங்கியிருக்கலாமோ?" என்றேன்.

"என்னான்னு எழுதுவாரு? வர வேணாம்னு எழுதணும்னா, மொதல்ல வான்னு எழுதியிருக்கணுமே" என்றார்.

பிள்ளைகளா, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். தயவாகக் கிடைப்பது கொடுத்தவர் இருக்கிற வரைக்கும்தான். அவர் மாறினால் அதுவும் போய்விடும். தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்த எஸ்.ஐ.யை ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டு டூட்டிக்குப் போட்டுவிட்டார்கள். அவர் இடத்துக்கு வெளி மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். போன வருஷம் உக்கார வைத்தவர்கள் யார் யார் என்று கேட்டார். ஒருத்தர் குறைகிறார் என்றார்கள். கூட்டி வா என்றார்.

மோட்டார் ரிப்பேர்

இப்போது அந்தக் கூடத்துக்குத் திரும்புகிறேன்.

"உங்கள எங்க காணோம்னு தேடறாங்க சம்பந்தி?" என்று மாணிக்கம் கேட்டார்.

அண்ணன் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஸ்டேஷன்ல தண்ணி மோட்டாரு ஒண்ணு. கூட்டம் ஜாஸ்தியா வருது, தண்ணி ஏறலன்னா கஷ்டம். அதான் கூப்புடறாங்க."

நான் ஏட்டின் முகத்தைப் பார்த்தேன். அவர் இலைகளைப் பார்த்தார், புது மாப்பிள்ளையைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. ஒரு தடவை பின்னால் திரும்பி, பைக்கிலேயே உட்கார்ந்திருந்த வெளியூர் போலீஸ்காரரையும் பார்த்தார். அந்த ஆள் மட்டும் இல்லையென்றால், வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஆமாங்க, மோட்டாரு தான்" என்றார் ஏட்டு. "அண்ணன் கை வெச்சாதான் ஓடும். சாப்ட்டு நிதானமா வாங்கண்ணே, வெளிய நிக்கறேன்."

மாணிக்கத்தின் முகம் தெளிந்தது. "பாத்தியாடா, உங்க மாமனாரு போலீசுக்கே தண்ணி காட்டறவரு" என்று மகனிடம் சொல்லி, தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். அண்ணன் கை கழுவிவிட்டு வந்து சட்டையை மாட்டினார்.

அப்போது வள்ளி அண்ணி கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. அவர் இந்த வருஷம் போகவேண்டாம் என்று தெரிந்தும், மனசு கேட்காமல் கட்டிவைத்திருந்தாள். அவர் சட்டை போட்டால் இவள் பை எடுப்பாள். இத்தனை வருஷத்துப் பழக்கம், யோசிக்கிறதுக்கு முன்னாலேயே கை போய்விட்டது. கொடுத்த பிறகுதான் அவள் முகம் வெளுத்தது.

பையின் வாய் திறந்திருந்தது. மேலாகப் போர்வை, அதற்கு மேலே சோப்பு டப்பா.

மாணிக்கம் எட்டிப் பார்த்தார். "மோட்டாரு ரிப்பேருக்கு எதுக்கு சம்பந்தி போர்வையும் சோப்பும்? ஸ்பானரு ஒண்ணக் கூட காணோமே?"

தெருவில் பக்தர்கள் கூட்டமாக அரோகரா சொல்லிக்கொண்டு போனார்கள்.

அண்ணன் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லிவிட்டார். காயில், கோர்ட்டு, விடுதலை, ஜீப். அரைகுறையாகச் சொன்னார், முன்னுக்குப் பின்னாக. கவிதா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாணிக்கம் கெட்ட மனிதர் இல்லை. வேர்க்கடலை போட்டு, பிள்ளையைப் படிக்க வைத்த குடியானவர். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: "தப்பு பண்ணாதவன் வூட்ல பை ரெடியா இருக்குமா?"

"எங்கப்பா எந்தத் தப்பும் பண்ணல மாமா" என்றாள் கவிதா. "என் கண்ணு முன்னால இழுத்துனு போகக் கூடாதுன்னு தான் அவரா போறாரு."

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "உனுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. என் வெரலப் பிரிச்சது எனக்கு ஞாபகம் இருக்குப்பா. டூட்டின்னு நீ சொல்லும்போது உன் மூஞ்சி நல்லா இருக்கும். அதனால தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

அண்ணன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். ஏட்டு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். சாயந்திரத்துக்குள் மாணிக்கம் மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். தீபம் பார்க்க ஊர் முழுக்க உள்ளே வந்துகொண்டிருந்தது. இவர்கள் மூன்று பேர் மட்டும் கூட்டத்துக்கு எதிராக வெளியே நடந்தார்கள்.

ஏட்டு சொன்னது

சில மாதம் கழித்து குமரேசன் ஏட்டு ரிட்டயர் ஆனார். அவர் பேரனின் காதுகுத்துக்கு நான்தான் மைக் கட்டினேன். பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மைக்செட்டு, ஒண்ணு சொல்றேன். மனசுல வெச்சினு இருக்க முடில. ஏகாம்பரத்தோட ஷீட்ட மூடி எவ்ளோ வருஷமாச்சு தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை.

"அந்த மாதிரி ஷீட்ட அப்பப்ப எடுத்துப் பாக்கணும், வேற கேஸு இல்லன்னா மூடிரணும். ரூலு அது. அவருத மூடிட்டாங்க. அந்தப் பொண்ணு ஸ்கூல் போய்னு இருந்தப்பவே."

"அப்ப ஏன் சார் வருஷா வருஷம்...?"

"போன வருஷம் வந்தவங்க யாருன்னு பாத்துதான் இந்த வருஷம் கூப்புடறது. அவரா வந்து உக்காருவாரு, நாங்களும் கணக்குல சேத்துக்குவோம். ஷீட்ட மூடின வருஷம் அவரா வராம இருந்திருந்தா, தேடறப்ப ஷீட்ட எடுத்துப் பாத்து அப்பவே விட்டிருப்பாங்க."

"மூடினத அவர்கிட்ட சொல்லலாமில்ல?"

ஏட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "தெறந்ததையே சொல்ல மாட்டாங்க. மூடினத யாரு சொல்லுவா? நானும் வந்த ஆளப் பாத்தேனே ஒழிய, ஷீட்ட எடுத்துப் பாக்கல. இப்ப வீட்டுக்குப் போறப்ப பழசெல்லாம் கட்டி ஒப்படைச்சேன், அப்பதான் கண்ணுல பட்டுது. என் எடத்துக்கு வந்தவர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்."

அன்று சாயந்திரமே அண்ணனிடம் சொன்னேன். ஒரு மோட்டாரைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த துணியால் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அந்த வக்கீலம்மா சொன்னாங்களே, எழுந்து போறேன்னு சொல்லிப் பாருன்னு. நான் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா தம்பி?"

கீழே கிடந்த நட்டுகளைப் பொறுக்கி அவர் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்த கார்த்திகை

உங்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். நாளைக்கு யாராவது உங்களை வா, உட்கார் என்று கூப்பிட்டால், மரியாதையாகவே கேளுங்கள்: எதற்காக? அரெஸ்ட்டா, விசாரணையா? வீட்டுக்குச் சொல்லியாயிற்றா? வக்கீலைக் கூட்டி வந்தால் கேஸ் பெரிதாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். பயத்தில் நாமே முன்னால் போய் நின்றால், நின்ற இடமே நமக்கு இடமாகிவிடும்.

கவிதா அக்கா நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளை தங்கமானவர். அவள் மட்டும் எப்போதாவது வந்து போவாள். மாணிக்கம் வருவதில்லை. பண்டிகைக்கும் அனுப்புவதில்லை.

போன கார்த்திகைக்கு அண்ணி பையை அவிழ்த்து, போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் வெறும் ஆணி. பொரி உருண்டை பிடித்து, அடை சுட்டு வைத்தாள், நாலைந்து பேருக்கு ஆகிற மாதிரி.

அண்ணன் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலையிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தால் வரட்டும், வந்து காரணம் சொல்லிக் கூட்டிப் போகட்டும் என்றார். மத்தியானம் எட்டிப் பார்த்தேன், உட்கார்ந்திருந்தார். சாயந்திரம் பார்த்தேன், அப்படியே இருந்தார்.

போலீஸ் வரவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்தும் யாரும் வரவில்லை.

ஆறு மணிக்கு உச்சியில் தீபம் எரிந்தது. என் கூம்புகள் எல்லாவற்றிலும் அரோகரா எழுந்தது. தெருவில் இருந்த அத்தனை பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கி மலையைப் பார்த்து நின்றார்கள். அண்ணி வாசலில் அகல் ஏற்றிவைத்துவிட்டு, "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று அவர் தோளைத் தொட்டாள்.

அண்ணன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.